ஆட்டிப் பார்க்கிறவள்

“அந்தப் பிள்ள போட்ட பெட்டிய நான் ரெண்டாவது தடவ பாக்கிறதே இல்ல சார். அப்படியே அனுப்பி விட்டுருதேன்.”

இதுதான் என் காதில் விழுந்தது அக்கா. இவ்வளவுதான். எங்கள் டீம் லீடர் ஜெபசிங் சார் மாடிப்படியில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழே குழாயில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பொதுவாக யாரும் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

கண்ணைத் திறக்காதீர்கள் அக்கா. திறந்தால் அந்த நர்ஸ் வந்து மறுபடியும் சொட்டு மருந்து விடுவார். எனக்கு இப்போது விட்டது இரண்டாவது தடவை. முக்கால் மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அம்மா காபி வாங்கப் போயிருக்கிறாள். நான் யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை, அதனால் பேச்சு வருகிறது.

அந்தப் பிள்ளை என்று சார் சொன்னது என்னைத்தான் என்று நினைத்துவிட்டேன். வேறு யாரை நினைப்பேன்? அங்கே எம்.எஸ்சி. முடித்தவள் நான் ஒருத்திதான். புதிதாக வருகிறவர்களுக்குப் பதினான்கு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்ததும் நான்தான். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். மூன்று நாள் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலாவது நாள் எல்லோரையும் நிற்கவைத்து சார் சொன்னார்: “முப்பிடாதி மாதிரி போடுங்க. அவ ஃபைல நான் செக் பண்றதே கிடையாது.”

அப்போதும் என் தலையில் பூ இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை. எங்கள் வேலை சங்கரன்கோவிலில், ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில். நாற்பத்தாறு பேர். வெளிநாட்டில் ஓட்டுநர் இல்லாமல் கார் ஓட்டிப் பழக்குகிறார்கள். அந்தக் காரின் தலையில் ஒரு கருவி சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை எல்லாப் பக்கமும் வீசும். ஒளி எங்கே பட்டுத் திரும்பி வருகிறதோ அங்கே ஒரு புள்ளி. சுவரில் பட்டால் புள்ளி, மரத்தில் பட்டால் புள்ளி, ஆள்மேல் பட்டால் புள்ளி. அப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் எங்கள் ஸ்கிரீனுக்கு வரும். போட்டோ இல்லை, நிறம் இல்லை, வெறும் புள்ளி. கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டினது மாதிரி இருக்கும். அதில் இது கார், இது சைக்கிள், இது நடந்து போகிற ஆள் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி வரைய வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். முன்பக்கம் எது என்று அம்புக்குறி போட வேண்டும். பெட்டி ஒரு கை தள்ளிப்போனால், அங்கே கார் ஒரு கை தள்ளி நிற்கப் பழகிக்கொள்ளும். ஆள்மேல் ஏறிவிடும். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.

வேலை எனக்குப் பிடித்தது. ஏனென்றால் பேச வேண்டாம். கல்லூரி முடித்து மூன்று இன்டர்வியூ போனேன். மூன்றிலும் முதலில் பெயரைத்தான் கேட்டார்கள். கோமதி என்ற மூன்றெழுத்து வெளியே வரவில்லை. எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்து கோமதி உண்டு, அம்மன் பெயர். எங்கள் ஆபீசிலேயே நாலு பேர். நான் ஃபிசிக்ஸ் கோமதி.

பிறகு செக்கர் நாற்காலி என்று ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள். ஜன்னல் ஓரம். மற்றவர்கள் போட்ட பெட்டியைச் சரிபார்ப்பவர் அதில் உட்காருவார். தப்பு இருந்தால் அந்தப் பெட்டிமேலேயே ஒரு கமெண்ட் எழுதி ஒட்டிவிடலாம். வாயைத் திறக்கவே வேண்டாம். பேசாமலே பெரிய ஆளாகிவிடக்கூடிய ஒரு நாற்காலி இந்த உலகத்தில் இருக்கிறது, அது என்னிடமிருந்து எட்டு அடி தூரத்தில் இருக்கிறது. அது எனக்கு வேண்டும் என்று இருந்தேன் அக்கா. வேறு எதையும் நான் இப்படி நினைத்ததில்லை.

அப்போதுதான் இந்த முப்பிடாதி. ஆடித்தபசுத் திருவிழா முடிந்து வந்து சேர்ந்தாள். பிளஸ் டூ. என் பக்கத்துச் சீட். முதல் நாளே என் குறிப்பை வாங்கி இரண்டு பக்கம் படித்துவிட்டு, “எம்மாடி, டீச்சரக்கா, பரீச்சை எதுவும் உண்டுமா?” என்றாள். அன்றிலிருந்து நான் டீச்சரக்கா. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க முடியாது. தலை சுற்றும். நான் எப்படிச் செய்வேன் என்றால், முதலில் மேலேயிருந்து பார்ப்பேன், பிறகு பக்கவாட்டில், பிறகு பின்னாலிருந்து. மூன்று பார்வை, மூன்று திருத்தம், முடிந்தது. குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. இவள் படத்தை ஒரு நிமிஷம் சும்மா விடமாட்டாள். இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை, மவுஸைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பாள். மாவு சலிக்கிற மாதிரி. கூடவே தலையும் ஆடும்.

“கொஞ்சம் நிப்பாட்டிப் பாரேன்,” என்றேன் ஒரு நாள்.

“நிப்பாட்டுனா எல்லாம் சுவத்துல ஒட்டுன மாதிரி ஆயிருதுக்கா. ஆட்டுனாத்தான் எது முன்ன எது பின்னன்னு தெரியுது.”

இவளுக்கு முறையாகச் செய்யத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தூங்கிவிட்டீர்களா அக்கா? இல்லையா? சரி.

அப்புறம் அந்தக் கண்ணாடி விஷயம். பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர்த் தெரு. பஸ் ஸ்டாப், பக்கத்தில் ஒரு கடை. கடைக்கு வெளியே ஒரு ஆள் நடக்கிறார், கடைக்குள்ளே ஒரு ஆள் நடக்கிறார். அந்தத் தெருவின் அடுத்தடுத்த ஐம்பது புள்ளிப் படத்திலும் இரண்டு பேருக்கும் பெட்டி போட்டுவிட்டேன். அருமையாக வந்திருந்தது. முப்பிடாதி என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள். வந்து என் மவுஸைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினாள்.

“டீச்சரக்கா, உள்ள நிக்க ஆள எடுத்துருங்க.”

“ஏன்?”

“அது ஆளில்ல. கண்ணாடில தெரியுதது. இவுக ஒரு எட்டு வச்சா அவுகளும் ஒரு எட்டு வைக்காக.”

“கடைக்குள்ள ஆள் நடக்கக் கூடாதா?”

“நடக்கலாம்க்கா. இவுக வலது கைல பை இருக்கு. அவுக இடது கைல இருக்கு. ரெண்டு பையும் ஒண்ணு போல ஆடுது பாருங்க.”

“எனக்குத் தெரியும். நீ உன் வேலயப் பாரு,” என்றேன். அவள் போய்விட்டாள்.

ஃபைல் சிவப்புக் குறியோடு திரும்பி வந்தது. இல்லாத ஆளுக்கு ஐம்பது பெட்டி. ஜெபசிங் சார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஏம்மா ஃபிசிக்ஸ், கண்ணாடில பட்டா ஒளி திரும்பும்னு ஒங்க காலேஜ்ல சொல்லித் தரலியா?” என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். ஒளியியலில் நான் தொண்ணூற்றொன்று. முப்பிடாதி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் அவளை நன்றாகக் கவனிக்க ஆரம்பித்தேன். வேறு எதற்காகவும் இல்லை, அவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். கவனிப்பது எனக்கு வரும் அக்கா. பேசாதவர்களுக்கு அது வரும். ஆபீஸ் வேனில் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். அங்கே வேறு யாராவது இருந்தால் சிரித்துக் கெஞ்சி எழுப்பிவிடுவாள். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் முகம் மட்டும் திரும்பாது, ஆளே திரும்புவாள். கேனிலிருந்து தண்ணீர் பிடிக்கும்போது டம்ளர் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். மாடிப்படியில் கடைசிப் படி வந்ததும் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

ஒரு நாள் மத்தியானம். என் கையில் ஒரு கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருந்தது. அவளுடைய இடது பக்கம் போய், காதுக்கு ஒரு சாண் தள்ளி, மிட்டாயை உள்ளங்கையில் நீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே காட்டவில்லை. மனசுக்குள் இருபது எண்ணினேன். அவள் ஸ்கிரீனில் ஒரு லாரி ஆடிக்கொண்டிருந்தது. திரும்பவே இல்லை. இருபது முடிந்ததும் தாளைப் பிரித்து மிட்டாயை நானே தின்றுவிட்டேன். எதிர்வரிசையில் இருக்கிற இன்னொரு கோமதி பார்த்தாள். “என்னட்டி பண்ணுத?” என்றாள். “ஒண்ணுமில்ல,” என்றேன்.

அவளுக்கு இடது கண் தெரியாது. அதனால்தான் அந்த ஆட்டம்.

நீங்களே நியாயமாகச் சொல்லுங்கள். வேலைக்குச் சேரும்போது ஒரு ஃபாரம் உண்டு. கண்பார்வை இரண்டும் நன்றாக இருக்கிறதா என்று ஒரு கட்டம். எல்லோரும் டிக் போட்டோம். அவளும் டிக் போட்டிருக்கிறாள். எவ்வளவு தூரம், எது முன்னே எது பின்னே என்று பார்க்கிற வேலை இது. எனக்கு இரண்டு கண் இருக்கிறது. இரண்டும் நன்றாகத் தெரிகிறது. இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு நான் அந்தக் கண்ணாடி ஆளைப் பார்க்கவில்லை, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவள் பார்த்துவிட்டாள். இதில் ஏதோ தப்பு இருக்கிறது இல்லையா?

கார்த்திகையில் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒருவர் ஃபைலை ஒருவர் சரிபார்க்க வேண்டும், மாதக் கடைசியில் யாருக்கு நாற்காலி என்று சொல்வார்கள். அவள் என் ஃபைல்களில் நாற்பத்து மூன்று தப்பு கண்டுபிடித்திருந்தாள். நான் அவள் ஃபைல்களை மூன்று நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு சைக்கிள் கிடைத்தது. முன்சக்கரம் பெட்டிக்கு வெளியே நாலு விரல் துருத்திக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான்.

அந்தச் சைக்கிள்மேல் கமெண்ட் எழுதினேன். இங்கிலீஷில்தான். இந்தப் பெட்டியைப் போட்டவருக்கு இடது கண் தெரியாது, தூரம் சரியாக இருக்கிறதா என்று தயவுசெய்து பார்க்கவும். மரியாதையாகத்தான் எழுதினேன். சாரிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. சார் மட்டும் படித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

கமெண்டுக்குக் கீழே, யார் யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கிற ஒரு சின்ன இடம் இருக்கும் அக்கா. மாற்றாமல் விட்டால் எல்லோரும் பார்க்கலாம். பெட்டி போட்டவள், சார், வெளிநாட்டுக்காரர்கள், எல்லோரும். அதை மறக்காமல் மாற்ற வேண்டும் என்று பதினான்கு பக்கக் குறிப்பில் ஒன்பதாம் பக்கத்தில் நானே கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் முப்பிடாதி ஃபைலைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். படித்தாள். கமெண்டில் பெயர் வராது, நம்பர்தான் வரும்; என் நம்பர் பதினேழு என்று இருந்தது. பெட்டியின் ஓரத்தைப் பிடித்து நாலு விரல் முன்னால் இழுத்து, சக்கரத்தை உள்ளே கொண்டுவந்தாள். ஆட்டிப் பார்த்தாள். சரிசெய்தாயிற்று என்ற பொத்தானை அமுக்கினாள். என் கமெண்டுக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். ஆளே திரும்பினாள். “நாலு வயசுல கிட்டிப்புள்ளு பட்டுருச்சுக்கா. எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லா?”

அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டு, “கமெண்ட் பாக்ஸ் என்ன ஒங்க வீட்டு டைரியாம்மா? வெளிநாட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?” என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் உண்மையைத்தானே எழுதினேன்? அதை யாராவது கேட்டார்களா? ஆபீசில் பாதிப் பேர் என்னிடம் பேசவில்லை. முன்பும் பேச மாட்டார்கள், ஆனால் அது வேறு மாதிரி. அந்தக் கமெண்டுக்கு ஒரு வாரம் வெளிநாட்டிலிருந்து பதில் இல்லை. முப்பிடாதியை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. பாவம்தான். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பிச்சிப்பூ வைத்துக்கொண்டு போனேன், அது வெள்ளிக்கிழமை என்பதால்.

பதில் வந்தது. சார் அதைத் தமிழில் சொன்னார். அவள் போட்ட பெட்டிகளில் இருநூறை எடுத்து அளந்து பார்த்தார்களாம். தூரக் கணக்கில் அவளுக்குத்தான் எல்லோரையும்விடத் தப்பு குறைவாம். ஸ்கிரீன் தட்டையானது, அதன் முன்னால் இரண்டு கண்ணும் ஒன்றுதான், ஒரு கண்ணும் ஒன்றுதான், அசைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஆழம் தெரியும், அவரையே எல்லோருக்கும் அதைச் சொல்லித்தரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்களாம். இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்த பதினேழாம் நம்பருக்கு நன்றி.

எனக்கு நன்றி அக்கா.

தை பிறந்ததும் அவள் ஜன்னல் ஓரம் போய்விட்டாள். இப்போது என் ஃபைல் எல்லாம் அவளிடம்தான் போகிறது. கமெண்ட் வரும். ‘அக்கா, லாரிக்குப் பின்னால ஒரு சின்னப் பிள்ளை நிக்கி, ஆட்டிப் பாருங்க.’ ‘அக்கா, அம்பு பின்பக்கம் போட்டிருக்கு.’ ஒவ்வொன்றிலும் யார் பார்க்கலாம் என்ற இடத்தை மாற்றித்தான் அனுப்புகிறாள். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. தான் பெரிய மனசுக்காரி என்று காட்டிக்கொள்ள வேறு என்ன வேண்டும்?

ஆட்டிப் பார்த்தேன். எல்லோரும் ஆட்டுகிறார்கள், நானும் ஆட்டினேன். எனக்குத் தலைதான் சுற்றியது. அவளுக்குத் தெரிகிற மாதிரி தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், அதில் வேறு ஏதோ இருக்கிறது. சும்மா ஒரு தடவை இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். கொஞ்சம் தெரிகிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பொத்தினேன். அப்புறம் நாள் முழுக்க. கை வலித்தால் கைக்குட்டையை மடித்துக் கட்டிக்கொள்வேன். கேட்டவர்களிடம் கண்கட்டி என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் பிடிக்கும்போது டம்ளர் விளிம்பில் விரல் வைத்துக்கொண்டால் சிந்துவதில்லை, அது உண்மைதான்.

ஒரு மாதமாகத் தலைவலி. வீட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தேங்காய் துருவியதை அம்மா பார்த்துவிட்டாள். ஒரே கூச்சல், உடனே இந்த ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டால் சும்மா தலைவலி என்றுதான் சொல்லப்போகிறேன். நீங்களும் எங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன், அம்மா வருகிற செருப்புச் சத்தம் மாதிரி இருக்கிறது. மத்தியானம். இடது முழங்கையை மேஜையில் ஊன்றி, உள்ளங்கையால் அந்தப் பக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு பஸ்ஸை ஆட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அன்று ‘என்னட்டி பண்ணுத’ என்று கேட்ட எதிர்வரிசைக் கோமதி களுக்கென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. கையை எடுத்தேன்.

என் இடது பக்கம், காதுக்கு ஒரு சாண் தள்ளி, முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நீட்டிய உள்ளங்கையில் ஒரு கடலை மிட்டாய். என் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகத் தாளைப் பிரித்தாள். மிட்டாயைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தாளை என் மவுஸ் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் ஓரத்து நாற்காலிக்குப் போனாள்.